இணைக்கு யாரை வைத்துப் பார்த்தீர்கள்?

மலையகத்து ஒலிபெருக்கிக்காரர்களும் அறிவிப்பாளர்களும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். மேடை அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி என் வீட்டுக்கும் ஓர் ஆள் வந்தார். சந்தோசம். ஆனால் அவர் கையில் இருந்த வெளியீட்டு விழா அழைப்பிதழை வாங்கிப் பார்த்ததும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. என் பெயருக்கு முன்னால் 'ஈடிணையற்ற குரலரசர்' என்று அச்சடித்திருந்தார்கள். அதற்குக் கீழே இன்னும் மூன்று பேர் ஈடிணையற்றவர்கள். ஒருவர் தன்னிகரில்லாதவர். பந்தல் போடுகிறவர்கூட ஒப்பற்றவர்.

"ஏன் தம்பி, ஈடு இணை இல்லாத ஆளுங்க நாலு பேரு ஒரே மேடையில உக்காந்தா, அந்த நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் இணையாகிட மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "சும்மா ஒரு மரியாதைக்குத்தான் ஐயா."

இந்தச் 'சும்மா ஒரு மரியாதைக்கு' என்ற பேச்சுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். எனக்கு வந்த கோபத்தில் பாதிகூட உங்களுக்கு வராது.

நான் கெட்டிக்காரன் இல்லை என்று சொல்ல வரவில்லை. தன்னடக்கம் எல்லாம் எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடொன்றில் பிறந்து, பிறகு ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை வரைக்கும் என் குரல் கேட்டாலே "செல்லையா வந்துட்டாரு, திருவிழா தொடங்கியாச்சு" என்று சனம் கிளம்பும்படி பண்ணியவன். பேர் எழுதிய துண்டுச்சீட்டைப் பார்த்து நான் பேசியதில்லை. மேடையில் இருக்கிற அத்தனை பேருடைய பெயரும் வரிசை தப்பாமல் என் நாக்கில் இருக்கும். படித்த அறிவிப்பாளர்கள் கையில் துண்டை வைத்துக்கொண்டு தடுமாறும்போது பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். இதெல்லாம் உண்மை, எழுதிக்கொள்ளுங்கள். 'ஈடிணையற்ற' மட்டும் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

தொழில் படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேயிலைச் செடியை மட்டம் வெட்டுகிற கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஹட்டனுக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சவரிமுத்து முதலாளியின் ஒலிபெருக்கிக் கடையில் பெட்டி தூக்கினேன், மரம் ஏறிக் குழல் ஸ்பீக்கர் கட்டினேன், வயர் சுற்றினேன். ஒரு நாள் பேசுகிறவர் குடித்துவிட்டு வராமல் போனார். மைக் என் கைக்கு வந்தது. வந்ததை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

முதலாளியைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும். தோட்டத்தில் பிறந்த கத்தோலிக்கர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் குடை. ஊரெல்லாம் சத்தத்தை வாடகைக்கு விடுகிற மனிதர், தான் மட்டும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவுக்குத்தான் பேசுவார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் கூடாது, மரியாதை கூடும். சாதாரணமாக என்னைச் 'செல்லையா' என்பார். 'செல்லையா அவர்களே' என்று தொடங்கினால் முந்தின நாள் மைக்கில் பேசியதையெல்லாம் மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பேன்.

அவரிடம் சில சட்டங்கள் இருந்தன. மைக்கை ஊதக்கூடாது, தட்டக்கூடாது. குழல் ஸ்பீக்கரை எதிர் மலையைப் பார்த்துக் கட்டக்கூடாது. கட்டினால் சொன்ன சொல் மலையில் பட்டுத் திரும்பி வந்து அடுத்த சொல்லின் தலையில் விழும். தேயிலைச் சரிவைப் பார்த்துக் கொஞ்சம் கீழே சாய்த்துக் கட்ட வேண்டும். மேடைக்கு ஒருவரை அழைத்தால் மூன்று முறை அழைக்க வேண்டும். முதல் அழைப்பு ஊருக்கு, இரண்டாவது அவருக்கு, மூன்றாவது அவர் வராவிட்டால் நம் மேல் குற்றம் இல்லை என்பதற்கு. அழைக்கப்போகிற ஆளுடைய பெயரை அந்த ஆள் வீட்டுக்கே போய்க் கேட்டு வரவேண்டும். செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் கிளாக்கர் எழுதி வைத்த பெயரை நம்பக்கூடாது. முனியாயியை மோனி என்றும் சடையனைச் சதானந்தன் என்றும் எழுதி வைத்திருந்த காலம்.

கடைசிச் சட்டம் பட்டத்தைப் பற்றியது. பெயருக்கு முன்னால் வைக்கிற சொற்களை அவர் அலமாரித் தட்டு மாதிரி அடுக்கியிருந்தார். கீழ்த்தட்டில் 'மதிப்புக்குரிய'. அது யாருக்கும் உண்டு, அதற்குக் கேள்வி இல்லை. நடுத்தட்டில் 'சேவைச் செம்மல்', 'கொடை வள்ளல்' மாதிரியானவை. அதற்கு ஒரு காரணமாவது காட்ட வேண்டும். மேல்தட்டில் 'நிகரற்ற', 'ஈடிணையற்ற', 'ஒப்பாரில்லாத', 'தன்னிகரில்லாத'. அந்தத் தட்டிலிருந்து ஒரு மேடைக்கு ஒன்றுதான் எடுக்கலாம். எடுக்காமலே இறங்கிவந்தால் இன்னும் நல்லது.

நான் மைக் பிடித்த புதிதில் வட்டவளையில் ஒரு கல்யாணம். பெண்ணுடைய தாய்மாமன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எடுப்பான ஆள். 'நிகரற்ற தாய்மாமன்' என்று விட்டேன். சனம் கை தட்டியது. அடுத்த நாள் கடைக்குப் போனதும் முதலாளி எழுந்து நின்றார்.

"வாங்க செல்லையா அவர்களே. நேத்து அந்தத் தாய்மாமனை நிகரற்றவர்னு சொன்னீங்களாமே?"

"ஆமாங்க."

"இணைக்கு யாரை வச்சுப் பார்த்தீங்க?"

எனக்கு விளங்கவில்லை.

"நிகர் இல்லைன்னா, நிகரைத் தேடிப் பார்த்துட்டு இல்லைன்னுதானே அர்த்தம்? எந்தெந்தத் தோட்டத்துத் தாய்மாமனைப் பார்த்துட்டு வந்தீங்க?"

"அவரு சீர் நெறையா வச்சாருங்க."

"அப்ப 'சீர் நெறைய வச்ச தாய்மாமன்'னு சொல்லுங்க. அது உண்மை. ஊருக்கும் தெரியும், அவருக்கும் பெருமை. பார்க்காத இணைக்கு ஏன் சாட்சி சொல்றீங்க?"

அன்றைக்கு எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். லயத்துச் சனம் எப்போதாவது ஈடிணையற்ற என்று பேசுகிறதா? கொழுந்து பறிக்கிறதில் ஒருத்தி மிஞ்சிப்போனால், "அவளுக்குப் பொறகுதான் மத்தவ" என்பார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறதில் ஒருவன் மிஞ்சினால், "ஆளுன்னா அவன்தான்டா ஆளு." ஹட்டன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர், பெரிய கெட்டிக்காரன் என்பதற்கு, "அவன் விண்ணன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். சிங்கள மேடைகளில் இணையில்லாதவர் என்பதற்கு 'அசமசம' என்று கேட்டிருக்கிறேன், அதுவும் அடிக்கடி இல்லை. எல்லோரும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். பார்க்காமல் சொல்கிறவன் மைக்குக்காரன் ஒருவன்தான்.

அந்தச் சட்டம் என்னை ஒரு முறை காப்பாற்றியது. தொண்ணூறுகளின் நடுவில், அரசாங்கத்திடமிருந்து கம்பனிகள் தோட்டங்களைப் பாரமெடுத்த பிறகு, சம்பளம் கூட்டச் சொல்லி நோர்வூட்டில் ஒரு கூட்டம். கொடி வேறான இரண்டு தொழிற்சங்கம், ஒரே மேடை. இரண்டு தலைவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் வயர் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவருடைய ஆள் வந்தான்.

"அண்ணே, நம்ம ஐயாவைத்தான் 'தன்னிகரில்லாத தலைவர்'னு சொல்லணும். அந்தாளுக்குச் சொன்னீங்க, நாங்க எறங்கிப் போயிடுவோம்."

அவன் போனான். மற்றவருடைய ஆள் வந்தான்.

"என்னண்ணே, அவனுக கூட என்னா குசுகுசு? தன்னிகரில்லாதவரு யாருன்னு ஒங்களுக்குச் சொல்லித் தரணுமா?"

இரண்டு பேரில் ஒருவர் எழுந்து போனாலும் கூட்டம் உடையும். உடைந்தால் கம்பனிக்காரன் சிரிப்பான். நான் மைக்கை எடுத்தேன். மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. எதிரே இடுப்பில் கட்டிய சாக்குப்படங்கோடும் கூடையோடும் மலையிலிருந்து நேரே வந்து நின்ற பெண்களைப் பார்த்துச் சொன்னேன்: "தன்னிகரில்லாத கொழுந்துக்காரிகளே! ஒங்க கை நின்னா இந்த நாட்டுல யாரு கையால இந்த வேலை நடக்கும்? ஒங்களுக்கு முதல் வணக்கம்." கை தட்டல் அடங்க நேரம் எடுத்தது. மேல்தட்டுச் சொல் அங்கேயே செலவாகிவிட்டது. பிறகு இரண்டு தலைவர்களையும் 'மதிப்புக்குரிய' என்று கூப்பிட்டேன். கொழுந்துக்காரிகளிடமிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்கி எனக்குத் தா என்று எந்தத் தலைவன் கேட்பான்? இரண்டு பேரும் கை தட்டினார்கள். வேறு வழியில்லை.

இப்படி ஒரு வேலையைச் செய்ய அன்றைக்கு ஹட்டனில் வேறு யாராலும் முடிந்திருக்காது. யாரை வைத்துப் பார்த்தாய் என்று கேட்டால், அன்றைக்கு மைக் பிடித்த அத்தனை பேரையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். முதலாளி எனக்கு ஒரு பிளேன் டீ வாங்கித் தந்தார். "பரவாயில்ல செல்லையா" என்றார். அவர் வாயிலிருந்து அதுதான் மேல்தட்டு.

அவர் காலமான பிறகு பெட்டிகளை நானே வாங்கித் தொழிலை நடத்தினேன். அதற்குள் காலம் மாறத் தொடங்கியிருந்தது. எந்த மேடையிலும் பொன்னாடை. போர்த்துகிறவருக்கும் பொன்னாடை, அந்தப் பொன்னாடையைத் தட்டில் ஏந்தி வருகிறவருக்கும் பொன்னாடை. ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம். ரோடு போட்டுத் தராதவன் ஈடிணையற்றவன். பள்ளிக்கூடத்துக்குக் கூரை தராதவன் ஒப்பற்றவன். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவனுக்குத்தான் பெரிய சொல் தேவைப்படுகிறது என்பதை நான் மேடைக்கு மேடை பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கீழ்த்தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் மண் சரிந்தது. தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். விடாத மழை. பெண்கள் மலைக்குப் போயிருந்த நேரம். நாலாம் லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு இளகி வந்து, லயத்துக் கோடியில் இருந்த தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவின் பின்சுவரைத் தள்ளியது. கவ்வாத்து முடித்து வந்துகொண்டிருந்த மருதை என்பவர் ஜன்னலை உடைத்து உள்ளே குதித்தார். பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே நின்ற ஆயாவின் கையில் கொடுத்தார். கடைசிப் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தான் ஏறும்போது மேட்டின் மிச்சமும் வந்தது. பிள்ளைகள் எல்லாம் பிழைத்தன. மருதை இல்லை.

முப்பத்தோராம் நாள் தோட்டத்து கிறவுண்டில் 'தியாகி கௌரவிப்பு விழா' என்றார்கள். தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை வருகிறார், சங்கத்தின் பெரிய தலைவர் ஹட்டனிலிருந்து வருகிறார், மருதையின் மனைவிக்குப் பொன்னாடை, மருதைக்குப் பட்டம். ஒலிபெருக்கி நான்.

காலையில் குழல் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, வழக்கம்போலப் பெயர் கேட்க மருதையின் வீட்டுக்குப் போனேன். அந்த மேட்டுக்குக் கீழேயே, அதே நாலாம் லயத்தில், அந்த அம்மாள் குடியிருந்தார். மற்றக் குடும்பங்களும் அங்கேதான். இஞ்சினியர் வந்து பார்ப்பார், அதுவரை இருங்கள் என்று சொல்லிவைத்திருந்தார்களாம். ஒரு மாதமாக எந்த இஞ்சினியரும் வரவில்லை. விழாவுக்குப் பந்தல் மட்டும் வந்துவிட்டது.

"ஒங்க பேரு காமாட்சிதானேம்மா? சரியாக் கேட்டுக்கலாம்னு வந்தேன்."

"காமாட்சிதாண்ணே. உள்ள வாங்க. குனிஞ்சு வாங்க."

உள்ளே பின்சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. சாக்கைச் சுருட்டி அடைத்திருந்தார். நான் சாக்கை இழுத்துக் கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு வரைக்கும் போனது. விரலில் ஈரமண் பட்டது.

"மழை பேஞ்சா எப்படிம்மா தூங்குறீங்க?"

"எங்கண்ணே தூங்குறது? மகளை மடியில போட்டுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருப்பேன். பக்கத்துக் காம்பரா பெருமாயி அக்காவும் அப்படித்தான்." பிறகு அவரே கேட்டார்: "மைக்குல என்னான்னு சொல்லிக் கூப்புடுவீங்க?"

"'ஈடிணையற்ற தியாகி மருதையின் துணைவியார்'னு சொல்லச் சொல்லியிருக்காங்க."

"அப்படின்னா?"

"அவருக்குச் சமமா இன்னொரு ஆளு இல்லைன்னு அர்த்தம்மா."

மகளின் தலையை வாரிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "அது எனக்குத் தெரியாதாண்ணே? கூட வாழ்ந்தவ நானு. ஆனா ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. நாளைக்கு அந்த மேடு மறுபடி வந்துச்சுன்னா எங்களைத் தூக்கிப்போட ஒரு ஆளு வேணுமே. அவரு மாதிரி இன்னொரு ஆளு இல்லைன்னு நீங்களே மைக்குல சொன்னீங்கன்னா, அப்ப யாருண்ணே வருவா?"

இத்தனை வருடம் மைக் பிடித்தவன் நான். இழுத்த சாக்கைச் சுருட்டி மறுபடி வெடிப்பில் அடைத்தேன்.

"நான் மேடைக்கு வரலைண்ணே. அந்தப் பொன்னாடையைப் போத்திக்கிட்டு இங்கதானே வந்து உக்காரணும்? குளிருக்குக்கூட ஆவாது அது."

வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த பெருமாயி, "நான் வாறேன்டி, எனக்குப் போத்தச் சொல்லு. வெடிப்புல அடைக்க சாக்கு பத்தல" என்றார்.

கிறவுண்டுக்குத் திரும்பினேன். மேடைப் பக்கத்தில் தோட்டத் தலைவர் வேலு காத்திருந்தார். அந்தத் தோட்டத்துச் சங்கத்துக்கு அவர்தான் பொறுப்பு.

"அண்ணே, மருதைக்கு 'ஈடிணையற்ற'ன்னு சொல்றீங்கதானே. நம்ம பெரிய ஐயாவுக்கு அதைவிட ஒரு படி மேல சொல்லிடுங்க."

"ஈடிணை இல்லாததுக்கு மேல படி எங்கய்யா இருக்கு?"

"நீங்க பெரிய ஆளு, ஒங்களுக்குத் தெரியாத சொல்லா? ஏதாச்சும் போடுங்கண்ணே."

"நாலாம் லயத்தை ஏன் இன்னும் மாத்தல?"

"அது வேற விசயம்ணே. இன்னைக்கு விழா."

அந்தப் பதில் என் மண்டையில் ஆணி மாதிரி இறங்கியது. வேற விசயமாம். ஒருவன் எந்த மண்ணில் செத்தானோ அந்த மண்ணுக்குக் கீழே அவன் பெண்டாட்டி பிள்ளை இருப்பது வேற விசயம்.

விழா தொடங்கியது. பெரிய தலைவர் பேசினார். வீரம் என்றார், தியாகம் என்றார், மலையகமே தலைகுனிந்து வணங்குகிறது என்றார். அவர் தலை குனிந்ததை நான் பார்க்கவில்லை. பேச்சு முழுவதும் பின்னணியில் சோக இசைக் கேசட்டை ஓடவிடச் சொல்லியிருந்தார்கள், ஓடியது. பேசி முடித்துப் பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அழைக்க வேண்டும்.

முதல் அழைப்பைச் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். "ஈடிணையற்ற தியாகி அமரர் மருதை அவர்களின் துணைவியார், காமாட்சி அவர்களை மேடைக்கு அழைக்கின்றோம்." காமாட்சி புல்தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அசையவில்லை. சனம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

இரண்டாவது அழைப்பு. பெயருக்கு முன்னால் ஒன்றை வைத்துத்தான் ஆகவேண்டும், அது தொழில். நான் கண்ணால் பார்த்ததை வைத்தேன். "நாலாம் லயத்தில், பின்சுவர் வெடித்து, மணிக்கட்டு வரைக்கும் கை நுழைகிற காம்பராவில், மழை பெய்தால் வாசற்படியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காமாட்சி அவர்களை மேடைக்கு அழைக்கின்றோம்."

கேசட் மட்டும் இன்னும் அழுதுகொண்டிருந்தது. பெரிய தலைவர் பொன்னாடையோடு என் பக்கம் திரும்பினார். வேலு அம்பிளிபயரை நோக்கி ஓடினார். எந்த வயர் எதற்கு என்று என் பெட்டியில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஒரு வயரைப் பிடித்து இழுத்தார். கேசட் நின்றது. என் குரல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

மூன்றாவது அழைப்பு. "மருதை மாதிரி இன்னொரு ஆள் இல்லை என்று இந்த மேடை சொல்கிறது. அப்படியானால் அந்த மேடு மறுபடி வந்தால் எங்களைத் தூக்கிப்போட யார் வருவார்கள் என்று கேட்கும் காமாட்சி அவர்களை, அவர்களோடு நாலாம் லயத்தில் இருக்கும் எல்லோரையும், மேடைக்கு அழைக்கின்றோம்!"

முதலில் எழுந்தது பெருமாயி. "எந்திரிங்கடி, பேரு சொல்லிக் கூப்புடுறாங்கல்ல" என்றார். நாலாம் லயம் மொத்தமும் எழுந்தது. காமாட்சியும் எழுந்தார். மேடைக்கு யாரும் ஏறவில்லை. மேடைக்கு முன்னால் வந்து நின்றார்கள், அவ்வளவுதான். பொன்னாடையை யார் மேல் போர்த்துவதென்று தெரியாமல் தலைவர் மடித்து வைத்துக்கொண்டார்.

பெரிய துரைக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். பக்கத்தில் இருந்த, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம், "மொகத மெயா கியன்னே?" என்று கேட்டார். இந்த ஆள் என்ன சொல்கிறார் என்று. கண்டாக்கையா தொண்டையைச் செருமிக்கொண்டார், மொழிபெயர்க்கவில்லை. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கற்ற சிங்களம் என்னிடம் இருந்தது. வெடிப்பு, சாக்கு, வாசற்படி, வராத இஞ்சினியர் எல்லாவற்றையும் சிங்களத்தில் மைக்கிலேயே சொன்னேன். துரை எழுந்து வந்து மைக்கை வாங்கினார். "இன்னிக்கி பழைய ஸ்டோர். எல்லாம் மாத்து. வீடு பிறகு கட்டிக் குடுக்குறது" என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் நாலாம் லயத்துச் சட்டி பானை எல்லாம் பழைய தேயிலை ஸ்டோருக்கு ஏறிவிட்டன. நானும் என் லொறியைக் கொடுத்தேன். என்னால்தான் அது நடந்தது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அதற்கு எனக்குக் கிடைத்தது என்ன? அந்தச் சங்கத்து விழா எதற்கும் அதன் பிறகு நான் இல்லை. தியாகியின் விழாவைக் குழப்பியவன் என்று பேசினார்கள். கோயில் திருவிழாக்கள்கூடச் சில கை மாறின. போகட்டும். நான் பட்டினி கிடக்கவில்லை. எனக்குக் கோபம் அதில் இல்லை.

'வீடு பிறகு' என்றார்களே, அந்தப் பிறகு வரவே இல்லை. துரை மாறினார், அடுத்தவர் வந்தார், அவரும் மாறினார். ஸ்டோருக்குள் சாக்கும் பலகையும் வைத்து மறைத்துக் குடும்பங்கள் அங்கேயே இருந்தன. வீடு வராத இடத்துக்குப் பெயர்ப்பலகை மட்டும் வந்தது. நீளமான புதுத் தகரம், நீலப் பெயிண்ட், வெள்ளை எழுத்து: 'ஈடிணையற்ற தியாகி மருதை நினைவில்லம்.' பெரிய தலைவர் வந்து ரிப்பன் வெட்டினாராம். ஒழுகுகிற ஸ்டோரை இல்லம் ஆக்குவதற்கு ஒரு சொல் போதும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். சுவர் வேண்டாம், கூரை வேண்டாம், கக்கூஸ் வேண்டாம். 'ஈடிணையற்ற' இருந்தால் போதும்.

நான் தொழிலை விட்டு வீட்டில் இருந்தபோது வேலு போன் பண்ணினார். அவருக்கும் வயதாகிவிட்டது, இன்னும் தோட்டத் தலைவர்தான்.

"அண்ணே, காமாட்சி செஞ்ச வேலையைப் பார்த்தீங்களா? போர்டைக் கழட்டிடுச்சு. தியாகிக்கு அவமானம்னு மேலிடத்துல கேக்குறாங்க. நீங்க சொன்னா அது கேக்கும். ஒரு நட வந்துட்டுப் போங்கண்ணே."

போனேன். கழற்றியது காமாட்சிதானா, வேறு யாராவது திருடிவிட்டு அவர் மேல் பழி போடுகிறார்களா என்று பார்க்கத்தான் போனேன். நல்ல மழை. ஸ்டோர் வாசலுக்கு மேலே ஆணித்துளைகள் மட்டும் இருந்தன. வேலு குடையோடு எனக்கு முன்னால் போய் நின்றார்.

"எங்கம்மா போர்டு?"

"உள்ள வந்து பாருங்க தலைவரே. நீங்களும் வாங்கண்ணே."

சாக்கை விலக்கி உள்ளே போனோம். மகள் படுக்கிற இடத்துக்கு மேலே, பழைய கூரையில் ஓட்டையான தகரத்தை எடுத்துவிட்டு, அந்த நீலத் தகரத்தை வைத்து அடித்திருந்தது. எழுத்து உள்பக்கம். அண்ணாந்து பார்த்தால் 'மருதை' என்று மட்டும் தெரிந்தது.

"என்னம்மா இது, ஒரு மனுசன் பேரைக் கொண்டுபோய் கூரையில…" என்றார் வேலு. "எழுத்தையாச்சும் வெளிப்பக்கம் வச்சிருக்கலாம்ல? நாலு பேரு பார்ப்பாங்க."

"வெளிய வச்சா மழையில பெயிண்டு போயிடும் தலைவரே. அவரு பேரு அது."

"அந்தப் பட்டம் எங்க? 'ஈடிணையற்ற தியாகி'ன்னு இருந்துச்சே?"

"ஓட்டைக்கு அம்புட்டு நீளம் வேணாம்னு வெட்டுனேன். அந்தத் துண்டு கோழிக்கூட்டுல இருக்கு. அங்கயும் ஒழுகுச்சு."

வேலு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று. நான் காமாட்சியைப் பார்த்து, "நல்லா அடிச்சிருக்கீங்கம்மா, ஒரு சொட்டு எறங்கல" என்றேன். நான் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"நீங்களுமாண்ணே?" என்று வேலு தலையில் கை வைத்தார். "நினைவில்லம்னு இருந்த துண்டாச்சும் இருக்கா?"

சாக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெருமாயியின் குரல் வந்தது.

"அது என்கிட்ட இருக்கு தலைவரே, அடுப்புக்கு மேல. இன்னும் ரெண்டு எடத்துல ஒழுகுது. போயி இன்னொரு போர்டு அடிச்சுக்கிட்டு வாங்க. யாரு பேரை வேணும்னாலும் எழுதிக்கங்க, என்னா பட்டம் வேணும்னாலும் போட்டுக்கங்க. தகரம் மட்டும் கொஞ்சம் பெரிசாப் பார்த்து வாங்குங்க."